ஜாதிக்காய்க்கு ஒரு பேர்

வசம்பைக் கல்லில் வைத்து வட்டமாக ஒரு இழுப்பு, ஆவுடை. இன்னொரு இழுப்பு, கொம்பையா. இன்னொன்று, மாரி. அப்புறம் சுடலை, அப்புறம் பவித்ரா, முகேஷ், கடைசியில் யாழினி. அவ்வளவுதான், வசம்பை எடுத்துவிட வேண்டும். இந்த வீட்டில் பிள்ளைக்கு மருந்து உரசும்போது எத்தனை சுற்று என்று எண்ண மாட்டார்கள், எண்ணினால் ஆகாதாம். இந்தக் கல்லில் உரசிய மருந்தைக் குடித்த பிள்ளைகளின் பேரைப் பிறந்த வரிசையில் சொல்லிக்கொண்டே உரச வேண்டும், ஒரு பேருக்கு ஒரு சுற்று. ஆவுடை என்பது என் மதினி, என் வீட்டுக்காரருக்கு அக்கா, இப்போது பின்வாசலில் உட்கார்ந்து யாழினி குளிக்க வேப்பிலைத் தண்ணீர் காய வைத்துக்கொண்டிருக்கிறார்கள். விறகு ஈரம், புகை இங்கே வரைக்கும் வருகிறது, மதினி இருமிக்கொண்டே விறகைத் திட்டுவதும் கேட்கிறது. கொம்பையா என் வீட்டுக்காரர். அவர் பேரை நான் வேறு எந்த நேரத்திலும் சொன்னதில்லை, ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவளைப் பார்ப்பேன், அவள் சொல்லுவாள். கல்லில் மட்டும் சொல்லலாம். மதினி முதல் நாள் காட்டிக் கொடுத்தபோது அந்தப் பேரில் வந்து நின்றுவிட்டேன், கையும் நின்றுவிட்டது. “சொல்லுட்டி, சத்தமாச் சொல்லு. மிட்டாய்க் கம்பெனில பாகு கிண்டிக்கிட்டு இருக்கவன் என்னைய யாரு கூப்பிட்டதுன்னு கரண்டியோட ஓடியாறப் போறானா?” என்று மதினி கேட்டார்கள். நானும் சிரித்தேன். சிரித்தேன் என்பது ஞாபகம் இருக்கிறது, அந்தச் சிரிப்பு உள்ளே எப்படி இருந்தது என்பது ஞாபகம் இல்லை. யாரோ சிரித்ததை வாசல் வழியாகப் பார்த்த மாதிரி இருக்கிறது.

வசம்பை வைத்துவிட்டுக் கடுக்காய். கடுக்காய்க்கு இந்த வீட்டில் பிறந்தவர்கள் மட்டும், ஆவுடை, கொம்பையா, மாரி, சுடலை, யாழினி, பவித்ராவும் முகேஷும் மதினியின் பிள்ளைகள், அவர்கள் கயத்தாற்று வீட்டைச் சேர்ந்தவர்கள், கடுக்காயில் வர மாட்டார்கள். மாசிக்காய்க்குப் பெண்பிள்ளைகள் மட்டும், பெண்பிள்ளைக்கு உரசும்போது அப்படித்தானாம், ஆவுடை, பவித்ரா, யாழினி. ஜாதிக்காய்க்கு ஒரே ஒரு பேர். குடிக்கப்போகிற பிள்ளையின் பேர், அதுவும் ஒரே தடவை. “அது தூக்கத்துக்குள்ளது பாத்துக்கோ. ஆசைப்பட்டுக் கூடுதலா உரசிப்புட்டேன்னா பிள்ளை கண்ணு முழிக்காது” என்று மதினி சொல்லியிருக்கிறார்கள். ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும் நாக்கில் படக் கூடாது என்று நர்ஸம்மா சொன்னதால் கல்லை இந்த மாதம்தான் பரணிலிருந்து எடுத்தோம். இதுவரை மதினிதான் உரசினார்கள், நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இன்றைக்கு என் கையில் கொடுத்துவிட்டார்கள். “நாளைக்கு விடிஞ்சா நான் பஸ் ஏறிருவேன். எங்க வீட்டு ஆளு ரசத்துக்கு உப்புப் போடத் தெரியாம போன் போட்டு அழுதுக்கிட்டு இருக்காரு. இனிமே நீதான் உரசணும், நீதான் குளிப்பாட்டணும். பெத்த பிள்ளையைத் தொட இன்னும் எத்தனை நாளைக்கு வெக்கப்படுவே?” மதினி அதை வெட்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் தலையைக் குனிந்துகொண்டேன், வெட்கம் என்றே இருக்கட்டும் என்று. நாளைக்கு மதினி போய்விட்டால் இந்த வீட்டில் பகல் முழுக்க நானும் யாழினியும் மட்டும்தான் இருப்போம். அவர் காலையில் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருவார். நானும் அவளும் மட்டும். நானும் என் கையும் அவளும்.

கல் காய்ந்துபோயிற்று, பால் வேண்டும், முந்தானையை ஒதுக்கிக் கல்லின் மேல் குனிந்து பிழிகிறேன், வந்துவிடுகிறது. கேட்காமலே வருகிறது. இதுதான் எனக்குப் புரியவே இல்லை. தொட்டிலில் அவள் லேசாக முனகினால் போதும், நான் எங்கோ சுவரைப் பார்த்துக்கொண்டு மரம் மாதிரி உட்கார்ந்திருப்பேன், ரவிக்கை நனைந்துவிடும். மனசு வரவில்லை, பால் வருகிறது. பிள்ளை பிறந்ததும் என்னென்னவோ வரும் என்றார்களே, முகத்தைப் பார்த்ததும் வலியெல்லாம் மறந்துபோகும் என்று எங்கள் அம்மா சொன்னாள், வளவில் வரிசையாக இருக்கிற வீட்டுக்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள், நான் பார்த்தேன், சிவப்பாக ஒரு முகம், அழுதது, எனக்கு வலி அப்படியே இருந்தது. இன்னும் கொஞ்ச நாளில் வரும் என்று இருந்தேன். பேர் வைத்த அன்றைக்கு வரும் என்று இருந்தேன். யாழினி என்று அவர்தான் எங்கேயோ கேட்டுவந்து வைத்தார், என் வாய்க்கு அந்தப் பேர் புதுச் செருப்பு மாதிரி, மதினிக்கும் வரவில்லை, மதினி யாளி யாளி என்று கூப்பிடுகிறார்கள். யாழினி. அவர் வேலை முடிந்து வருவார், சட்டையெல்லாம் வெல்லப்பாகு வாசம், உடைந்த மிட்டாயைத் தாளில் மடித்து எனக்குக் கொண்டுவருவார், கையைக் கழுவிவிட்டு நேரே தொட்டிலுக்குத்தான் போவார். ஆத்தா, எங்க ஆத்தா, அப்பாவைப் பாரு என்பார், அவளும் கால் இரண்டையும் உதைத்துச் சிரிப்பாள். நான் உடைந்த கடலைமிட்டாயை வாயில் வைத்துக்கொண்டு அதைப் பார்ப்பேன். இனிப்பு தெரியும். யாழினி. என்ன பிள்ள உம்முனு இருக்கே என்பார். ஒண்ணுமில்லை என்பேன். ஒண்ணுமில்லை என்பதுதான் நிஜம், உள்ளே ஒன்றுமே இல்லை, அதை எப்படி ஒருத்தரிடம் சொல்லுவது. ஏழாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் என்னை எழுப்பிவிட்டு விடை கேட்டார், எனக்கு விடை தெரியும், நாக்கு நுனியில் இருக்கிறது, வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது, நான் நின்றுகொண்டே இருந்தேன். “முப்புடாதிக்கு வாயில கொழுக்கட்டை” என்றார், எல்லாரும் சிரித்தார்கள், மணி அடித்தது. அந்த வருசத்தோடு பள்ளிக்கூடம் போகவில்லை. ஆனால் அந்த இடத்தில் நான் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறேன். விடை தெரியும், எல்லாரும் பார்க்கிறார்கள். யாழினி. யாழினி.

“ஏட்டி, முடிஞ்சுதா?” என்று மதினி பின்னாலிருந்து கேட்கிறார்கள். இந்தா மதினி, ஆச்சு என்கிறேன். “இந்த விறகுக்காரன் விறகைக் கிணத்துல ஊறப்போட்டுல்லா விக்கான். தண்ணி இப்போ காயுற மாதிரி தெரியல. மெதுவாச் செய்யி.” சரி மதினி. மெதுவாகத்தான் செய்கிறேன். தண்ணீர் காயவே வேண்டாம். காய்ந்தால் குளிப்பாட்ட வேண்டும், மதினி காலை நீட்டி உட்கார்ந்து அவளைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்து மூக்கை நீவி நெற்றியை நீவி ஊற்றும்போது பார்க்க நன்றாகத்தான் இருக்கும், அவள் வாயைத் திறந்து தண்ணீரைப் பிடிக்கப் பார்ப்பாள், பிறகு சாம்பிராணிப் புகையில் மதினி அவளைக் காட்டித் திருப்புவார்கள், பிடரியில் ஒரு வாசம் வரும், அதை நான் மோந்து பார்த்திருக்கிறேன், யாரும் பார்க்காதபோது. நாளைக்கு அந்தக் கால் என் கால். தண்ணீர் ஊற்றுகிற கை என் கை. என் கையை மதினிக்குத் தெரியாது. முன்பு ஒரு நாள் மத்தியானம் மதினி தலைவலி மாத்திரை வாங்கக் கடைக்குப் போயிருந்தார்கள். யாழினி காலையிலிருந்து அழுகிறாள், பால் கொடுத்தாயிற்று, துணி மாற்றியாயிற்று, தோளில் போட்டு வளவு முழுக்க நடந்தாயிற்று, நிற்கவில்லை. என் தலைக்குள் அந்தச் சத்தம் மட்டும்தான் இருந்தது, வேறு எதுவும் இருக்க இடம் இல்லை. பொதுத் தொட்டிப் பக்கத்தில் வந்து நின்றேன். ஏன் அங்கே போய் நின்றேன், நிழல் இருந்தது, அதற்காகத்தான், நிழலுக்காகத்தான். தொட்டி நிறையத் தண்ணீர், காற்றே இல்லை, வானம் அதில் அப்படியே கிடந்தது. அவ்வளவு அமைதியாக இருந்தது தண்ணீர். இந்தச் சத்தம் நின்றால் போதும் என்று ஒரு நினைப்பு வந்தது. அதுக்குப் பக்கத்திலேயே இன்னொரு நினைப்பு வந்தது. என் கை தளர்ந்த மாதிரி இருந்தது. தளரவில்லை. தளர்ந்த மாதிரி இருந்தது. தளரவில்லை என்று எத்தனை தரம் சொன்னாலும் அந்த மாதிரி இருந்தது என்பது போக மாட்டேன் என்கிறது. நான்காம் வீட்டுச் செல்லக்கனி அக்கா வாளியோடு வந்தாள். “என்ன தாயி, பிள்ளைக்கு மீன் காட்டுதியா? இதுல ஏது மீனு, பாசிதான் கெடக்கு” என்று சிரித்துக்கொண்டு அவளை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து இடுப்பு வலிக்கிறது என்று சொல்லி அவளைக் குளிப்பாட்டுவதை மதினியிடம் விட்டுவிட்டேன், பிள்ளையோடு தொட்டிப் பக்கம் போவதில்லை, அவளைத் தூக்கும்போது விரல்களை ஒன்றோடு ஒன்று கோத்துக்கொள்கிறேன், பூட்டுப் போடுகிற மாதிரி. யாழினி. என்னை அந்தக் கடவுள் ஏன் இப்படிப் படைத்தான். யாழினி. நல்ல தாய்க்கு இந்த நினைப்பு வருமா, யாருக்காவது வந்திருக்குமா, வந்தவள் உயிரோடு இருப்பாளா. யாழினி, யாழினி, யாழினி,

என் கையில் இருப்பது ஜாதிக்காய். மாசிக்காய் இல்லை. மாசிக்காய் எப்போது முடிந்தது, அது டப்பாவுக்குள் இருக்கிறது, துடைத்து உள்ளே போட்டிருக்கிறேன், போட்டதே தெரியவில்லை. இது ஜாதிக்காய். கல் முழுக்கப் பழுப்பாகக் குழம்பு மாதிரி கிடக்கிறது, பாலின் வெள்ளையே தெரியவில்லை, வாசம் மூக்கைத் துளைக்கிறது, இவ்வளவு நேரம் இந்த வாசத்துக்குள்தான் உட்கார்ந்திருந்தேனா. காயைத் திருப்பிப் பார்க்கிறேன், மதினி உரசி உரசி ஓரத்தில் ஒரு நகக்கண் அளவு தட்டையாக்கி வைத்திருந்தார்கள், இப்போது பாதிக் காய் தேய்ந்து உள்ளே இருக்கிற வரி வரியான கோடு தெரிகிறது. எத்தனை சுற்று. தெரியாது. கணக்கு வாத்தியாரை நினைக்கும்போது உரசிக்கொண்டிருந்தேன், பால் பிழிந்தது இதற்குத்தான், தொட்டியை நினைக்கும்போதும் உரசிக்கொண்டிருந்தேன். தெரியாமல் செய்தேனா. தெரிந்தே செய்தேனா. பிள்ளை தூங்கட்டும் என்று என் கை நினைத்ததா, இரவெல்லாம் முழித்துக் கிடக்கிற இந்தக் கை, கொஞ்ச நேரம் தூங்கட்டும் என்று, கொஞ்சம் கூடுதலாக என்று, இன்னும் கொஞ்சம் கூடுதலாக என்று. நான் பயந்தது மதினி போன பிறகு வருகிற நாளைக்குத்தான், நாளை வரைக்கும் இந்தக் கை காத்திருக்கவில்லை. வீட்டில் மதினி இருக்கும்போதே. இந்தா தொட்டிலில் அவள் தூங்குகிறாள், சேலைக்கு வெளியே ஒரு கால் தொங்குகிறது, கட்டைவிரலை மட்டும் ஆட்டிக்கொள்கிறாள், கனவு போல. ஆனால், இரு, ஒன்று, ஒன்றே ஒன்று, நான் சொல்லிக்கொண்டிருந்தது அவள் பேர். இவ்வளவும் அவள் பேர். ஒரு சுற்றுக்கும் பேர் விடவில்லை, வாய் தானாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, புதுச் செருப்பு மாதிரி கடித்த பேர் கடிக்காமல் வந்துகொண்டே இருந்திருக்கிறது. தூங்க வைக்கத்தான் சொன்னேனா, கூப்பிட்டேனா. ஒருத்தியைக் கூப்பிட வேண்டும் என்றால் இப்படித்தானே திரும்பத் திரும்பக் கூப்பிடுவோம். எனக்குத் தெரியவில்லை. பால் மாதிரி இதுவும் கேட்காமல் வந்ததா. ஒரே கையில் இரண்டும் வருமா, ஒரே சுற்றில்.

கழுவிவிடலாம். சொம்பு பக்கத்திலேயே இருக்கிறது, ஒரு கை தண்ணீர் ஊற்றித் துடைத்தால் போயிற்று, மறுபடி வசம்பிலிருந்து ஒழுங்காக உரசலாம், ஜாதிக்காய்க்கு ஒரே பேர், ஒரே தடவை. தேய்ந்த காயைக் கீழே போட்டுவிட்டேன், உடைந்துவிட்டது என்று சொல்லலாம். மதினி ஒன்றும் கேட்க மாட்டார்கள், நாளைக்கு விடிந்ததும் என் தலையைத் தடவிவிட்டு பஸ் ஏறிவிடுவார்கள், நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வருவேன். சொம்பைத் தூக்கிவிட்டேன். மாரியைப் பற்றி மதினி சொன்னது எதற்கு இப்போது ஞாபகம் வருகிறது. மாரி அவர்களுக்குத் தம்பி, நடக்கும் முன்னே காய்ச்சலில் போய்விட்டான். போன பிள்ளையின் பேரை ஏன் மதினி இன்னும் சொல்லுகிறோம் என்று ஒரு நாள் கேட்டேன், நான் கேட்டதே அதிசயம். “கல்லுல உரசிக் குடிச்ச பிள்ளைல்லா, கல்லுல இருந்துட்டுப் போகட்டும்” என்றார்கள். உரசிக்கொண்டே அவர்களாகவே சொன்னார்கள், “அவன் போனப்புறம் எங்கம்மா யாருகிட்டயும் வாய் தொறக்கல. சோறு பொங்குவா, துணி துவைப்பா, பேச மாட்டா. அப்புறம் சுடலை பொறந்து கல்லை எடுத்தா பாரு, அந்தப் பேருகளைச் சொல்லுறதுக்குத்தான் முதல்ல வாயைத் தொறந்தா. நான் சின்னப் பிள்ளை, கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டுக்கிட்டே இருப்பேன், அம்மா சத்தத்தை.” சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்கள், கொஞ்சம் கூடுதல் நேரமே பார்த்தார்கள். “உனக்கும் சேத்து ஒரு சுத்து சுத்தட்டுமா முப்புடாதி? நீயும் ஒரு பிள்ளைதானே இந்த வீட்டுக்கு” என்றார்கள், கேலி மாதிரிதான், ஆனால் வசம்பை என் பேரைச் சொல்லி ஒரு இழுப்பு இழுத்தும்விட்டார்கள். அன்று யாழினி குடித்ததில் என் சுற்றும் இருந்தது. அப்போதே மதினிக்கு ஏதாவது தெரிந்திருக்குமா. தெரிந்தால் ஏன் போகிறார்கள். தெரியாது, ஒருத்தருக்கும் தெரியாது, நான் சொன்னால்தானே தெரியும், சொல்லத்தான் எனக்கு வராதே, மதினி என்று கூப்பிடுவேன், அதற்கு மேல் கொழுக்கட்டைதான்.

சொம்பைக் கீழே வைத்துவிட்டேன். கழுவவில்லை. கழுவினால் கல் வெள்ளையாகிவிடும், வெள்ளைக் கல்லை வைத்துக்கொண்டு நான் எதைச் சொல்லுவேன். இது இப்படியே இருந்தால் நான் வாயைத் திறக்காவிட்டாலும் இது கிடக்கும். மதினிக்குக் கல்லைப் பார்த்தாலே தெரியும், யாரு பேரைச் சொல்லி உரசினே என்று கேட்பார்கள், அதற்கு மட்டும் எனக்கு விடை தெரியும், அதற்கு மட்டும் என் வாய் வரும், யாழினி, அதிலிருந்து மற்றது வந்துவிடும், ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றது, நூல் மாதிரி. ஒருவேளை பார்க்காமலே பாலாடையை எடுத்து வழிக்கப் போய்விட்டால். புகையில் அவர்கள் கண் எரிகிறது, அவசரத்தில் பார்க்காமல் இருந்துவிட்டால். அப்போது நான் கையைப் பிடிக்க வேண்டும், இந்தக் கையால்தான் பிடிக்க வேண்டும். பிடிப்பேனா. அவர்கள் என்னை அடிக்கட்டும், அவரிடம் சொல்லட்டும், வளவு முழுக்கச் சொல்லட்டும், பிள்ளையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போகட்டும், போகும்போது அவள் பிடரியை ஒரு தடவை மோந்து பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் கேட்பேன். இல்லை, கொண்டுபோகக் கூடாது, எனக்கு அவள் வேண்டும். வேண்டும் என்று இப்போது சொன்னது யார். நான்தான். தொட்டிலுக்குக் கிட்டே போகிறேன், அவள் முழித்துத்தான் கிடக்கிறாள், அழவில்லை, நான் இவ்வளவு நேரம் கூப்பிட்டதைக் கேட்டுக்கொண்டே கிடந்திருப்பாள் போல, சேலைத் துணிக்கு இடையில் என்னையே பார்க்கிறாள். விரல்களைக் கோக்காமலே தூக்கிவிட்டேன், தூக்கின பிறகுதான் அது ஞாபகம் வருகிறது, கை இறுக்கமாகத்தான் இருக்கிறது, ரவிக்கை நனைந்துவிட்டது. ஒரு கையில் அவள், ஒரு கையில் கல், சாய்க்காமல் கொண்டுபோக வேண்டும், ஒரு சொட்டும் வழியக் கூடாது. போனதும் சொல்லிவிட வேண்டும், உட்காரும் முன்னே, மதினி, இந்தக் கல்லைப் பாருங்க, பாக்காம வழிச்சிராதீங்க, நாளைக்கு நீங்க போகாதீங்க, அன்னைக்கு நீங்க கடைக்குப் போயிருந்தப்போ நான் தொட்டிப் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தேன், அப்போ என் கை

“ஏட்டி முப்புடாதி! தண்ணி பதமாயிருச்சு, பிள்ளையைத் தூக்கிட்டு வா! மருந்தையும் எடுத்துக்கோ!”

வந்துட்டேன் மதினி, கழுவாமத்தான் கொண்டாறேன், நீங்க முதல்ல இதை